இருவர் சாய்விருக்கை மிதிவண்டி

இருவர் சாய்விருக்கை மிதிவண்டி என்பது, முதுகைத் தாங்கும் நாற்காலி போன்ற இருக்கைகளில் சாய்ந்து அமர்ந்து, கால்களை முன்னோக்கி நீட்டி, இருவர் சேர்ந்து மிதித்துச் செலுத்தும் மிதிவண்டி ஆகும். இருவர் ஓட்டும் மிதிவண்டி, சாய்ந்து ஓட்டும் மிதிவண்டி ஆகிய இரு வேறு வடிவமைப்புகள் இதில் ஒன்று சேர்கின்றன. வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆத்திரேலியா ஆகிய இடங்களில் இவ்வண்டியைப் பெரும்பாலும் கணவன் மனைவியரே வாங்குகின்றனர். உடல் வலிமையில் ஒத்திராத இருவர், ஒருவரை ஒருவர் பின்தங்க விடாமல் ஒரே வேகத்தில் பயணம் செய்ய இயல்வதே இதற்கு முதன்மையான காரணம் ஆகும்.

பெயரும் வரையறையும்

ஒருவர் பின் ஒருவராக அமர்ந்து இருவரும் மிதிக்கும் வண்டியை ஆங்கிலத்தில் டேண்டம் என்பர். இது "கடைசியில், நீண்ட நேரத்திற்குப் பின்" எனக் காலத்தைக் குறிக்கும் ஓர் இலத்தீன் சொல். ஒன்றன்பின் ஒன்றாகக் குதிரைகளைப் பூட்டிய நீளமான வண்டிகளுக்கு இச்சொல்லை யாரோ வேடிக்கையாகச் சூட்ட, அது நிலைத்துவிட்டது. பின்னர் மிதிவண்டிக்கும் வந்து சேர்ந்தது.

தமிழ்நாட்டில் "டபுள்ஸ்" போவது என்று சொல்லப்படுவது இதனின்றும் வேறானது. டபுள்ஸில் ஒருவர் மட்டுமே மிதிக்கிறார்; மற்றவர் பின்னால் உள்ள கேரியரிலோ முன்குழாயிலோ சுமையாக அமர்ந்திருக்கிறார். இருவர் மிதிவண்டியில் இருவருக்கும் தனித்தனி பெடல்கள் உண்டு. சுமை என்று எவரும் இல்லை.

வண்டியைத் திருப்புதல், கியர் மாற்றுதல், பிரேக் பிடித்தல் ஆகியவற்றைச் செய்பவர் இக்கட்டுரையில் ஓட்டுநர் எனவும், மற்றவர் துணையோட்டி எனவும் குறிக்கப்படுகின்றனர். பெரும்பாலான வண்டிகளில் ஓட்டுநர் முன்னும் துணையோட்டி பின்னும் அமர்கின்றனர். ஆயினும் இது மாறாத விதி அன்று.

வரலாறு

இருவர் மிதிவண்டிகள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பரவலாகிவிட்டன. 1892இல் ஆரி டேக்கர் என்பவர் இயற்றிய "டெய்சி பெல்" என்னும் ஆங்கிலப் பாடல், திருமணத்திற்குக் குதிரை வண்டி பிடிக்க வசதியற்ற ஒருவன் தன் காதலியை இருவர் மிதிவண்டிக்கு அழைப்பதாக அமைந்தது. காதலர், தம்பதியர் என்றாலே இவ்வண்டி என்ற எண்ணம் மேலைநாடுகளில் வேரூன்றியதில் இப்பாடலுக்குப் பெரும் பங்குண்டு. (கணினித் துறையினருக்கு இப்பாடல் வேறொரு வகையில் அறிமுகமானது. 1961இல் பெல் ஆய்வகத்தில் ஓர் ஐபிஎம் கணினியைக் கொண்டு பாடவைக்கப்பட்ட பாடல் இதுவே.)

சாய்விருக்கை வண்டிகளின் கதை பிரான்சில் திருப்பம் கொள்கிறது. சார்லசு மோசே என்னும் வடிவமைப்பாளர் தம் மகனுக்காக நான்கு சக்கர மிதி வண்டி ஒன்றைச் செய்தார். இரு சக்கர வண்டி பிள்ளைக்கு ஆபத்து என்று அவருடைய மனைவி கருதியதே இதற்குக் காரணம் எனக் கூறப்படுகிறது. அவ்வண்டிக்குக் கிடைத்த வரவேற்பைக் கண்டு, பெரியவர் இருவர் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து மிதிக்கும் வெலோகார் என்னும் வண்டியை உருவாக்கினார். மோட்டார் கார் வாங்க இயலாத குடும்பங்கள் இதனை வாங்கின. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோல் கிடைக்காதபோதும் வெலோகார்கள் பிரான்சின் சாலைகளில் ஓடின. ஆகவே, சாய்விருக்கை வண்டி தொடக்கத்திலேயே இருவருக்கான குடும்ப வண்டியாகவும் இருந்துள்ளது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

நான்கு சக்கர வெலோகார் வேகமாகத் திரும்பும்போது நிலைதடுமாறியது. எனவே மோசே அதனை நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளந்தாற்போன்ற ஒருவருக்கான இரு சக்கர வண்டியையும் செய்தார். அதில் பிரான்சிசு ஃபோர் என்னும் வீரர் 1933 சூலை 7 அன்று ஒரு மணி நேரத்தில் 45.055 கி.மீ. ஓடி, சுவிட்சர்லாந்தின் ஆசுகார் எக் 1914இல் நிகழ்த்திய 44.247 கி.மீ. என்ற சாதனையை முறியடித்தார். ஃபோர் அக்காலத்தின் முன்னணி வீரர்களுள் ஒருவர் அல்லர் என்பதால், வென்றது மனிதரா வண்டியா என்ற வழக்கு எழுந்தது. 1934இல் பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம், பந்தய மிதிவண்டி என்பது எப்படி இருக்கவேண்டும் என்று அளவுகள் வகுத்துச் சாய்விருக்கை வண்டிகளை விலக்கியது. மோசே அதே ஆண்டில் காலமானார். பந்தயத்தில் இடமில்லாத வண்டியை நிறுவனங்களும் பெரிதாகச் செய்யவில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இத்துறை உறங்கிக் கிடந்தது.

1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பேராசிரியர் செசுட்டர் கைல் முதலியோர், வடிவத்திற்குக் கட்டுப்பாடு ஏதுமற்ற போட்டிகளை 1975இல் தொடங்கினர். அடுத்த ஆண்டு பன்னாட்டு மனித ஆற்றல் ஊர்திச் சங்கம் தோன்றியது. இப்போட்டிகளில் இருவர் வண்டிகள் விரைவிலேயே முன்னணிக்கு வந்தன. அந்நாளில் அமெரிக்க நெடுஞ்சாலைகளில் கார்களுக்கு இருந்த வேக வரம்பு மணிக்கு 55 மைல் (88.5 கி.மீ.). இவ்வேகத்தை மனித ஆற்றலால் முதலில் தாண்டியது, நார்த்ரப் பல்கலைக்கழக மாணவர்கள் 1970களின் இறுதியில் உருவாக்கிய ஒயிட் லைட்னிங் என்னும் மூன்று சக்கர இருவர் வண்டி ஆகும். 1980இல் வெக்டர் என்னும் இருவர் வண்டி மணிக்கு 62.92 மைல் (ஏறத்தாழ 101 கி.மீ.) வேகத்தை எட்டியது. அதே ஆண்டில் அது இசுட்டாக்டன் நகரிலிருந்து சாக்ரமெண்டோ வரையிலான 40 மைல் நெடுஞ்சாலையில் சராசரியாக மணிக்கு 50.5 மைல் வேகத்தில் ஓடியது. வெக்டரில் இருவரும் முதுகோடு முதுகு சேர்த்துப் படுத்திருப்பர். பின்னிருப்பவர் வந்த வழியைப் பார்த்தவாறே மிதிப்பார். முழுதும் மூடிய அத்தகைய வண்டியைக் கடைத்தெருவுக்கு ஓட்டிச் செல்ல இயலாது. எனினும், சாய்ந்த நிலையும் இரு மனிதரின் ஆற்றலும் சேர்ந்தால் என்ன நிகழும் என்பதை அது உலகிற்குக் காட்டியது.

வகைகள்

இன்று சாலைகளில் காணப்படும் வண்டிகளை மூன்று அமைப்புகளில் அடக்கலாம்.

முதலாவது, இருவரும் முன்னோக்கி ஒரே திசையில் சாய்ந்து அமரும் நீண்ட இரு சக்கர வண்டி. அமெரிக்காவின் கான்சசு மாநிலத்தில் சிறு விமானங்கள் செய்துவந்த ரான்சு நிறுவனம் தயாரித்த இசுகிரீமர், நெதர்லாந்தின் நாசுகா நிறுவனத்தின் கெட்சல் ஆகியன இவ்வகையின. முன்சக்கரத்திற்கும் பின்சக்கரத்திற்கும் இடையிலான தொலைவு 2 மீட்டரையும் தாண்டும். நேரான சாலையில் இரயில் போல அமைதியாக ஓடும். குறுகிய தெருவில் திரும்புவது கடினம்.

இரண்டாவது, முன்னிருப்பவர் சாய்ந்தும் பின்னிருப்பவர் வழக்கம்போல் நிமிர்ந்தும் அமரும் கலப்பு வகை. அமெரிக்காவில் உருவான கவுன்ட்டர்பாயின்ட் ஓப்பசு இதன் முன்னோடி. செருமனியின் ஆசே பைக்சு நிறுவனத்தின் பீனோ இன்று பரவலாக அறியப்பட்டது. இதில் ஓட்டுநர் பின்னால் அமர்ந்து, நீண்ட இணைப்புக் கம்பி வழியாக முன்சக்கரத்தைத் திருப்புகிறார். முன்னால் இருக்கும் துணையோட்டியின் பார்வையை எதுவும் மறைப்பதில்லை. இருவர் தலைகளும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் அருகருகே இருப்பதால், சாதாரணக் குரலிலேயே பேசிக்கொள்ள முடியும். இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சற்றே ஏறியமர்ந்தாற்போன்ற அமைப்பாதலால் வண்டியின் நீளமும் குறைகிறது.

மூன்றாவது, மூன்று சக்கர வகை. ஆத்திரேலியாவின் கிரீன்சுபீடு நிறுவனம் இவ்வகையில் புகழ்பெற்றது. இதில் விழுந்துவிடுவோம் என்ற அச்சமே இல்லை. எவ்வளவு மெதுவாகவும் மேடேறலாம், நடுவழியில் நின்று இளைப்பாறலாம். ஆசே நிறுவனத்தின் கெட்வீசல் போன்ற சில மூன்று சக்கர வண்டிகளில், பின்வண்டியின் முன்சக்கரத்தைக் கழற்றி முன்வண்டியோடு பூட்டி இருவர் வண்டியாக்கும் வசதியும் உண்டு. காலையில் சேர்ந்து புறப்பட்டு மாலையில் தனித்தனியே திரும்ப விரும்பும் தம்பதியருக்கு இது ஏற்றது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

பொறியமைப்பு

இருவர் வண்டியின் உயிர்நாடி அதன் சங்கிலி அமைப்பில் உள்ளது. இருவருடைய கிராங்க்குகளையும் ஒரு சங்கிலி இணைக்கிறது. மற்றொரு சங்கிலி பின்சக்கரத்திற்கு ஆற்றலைக் கொண்டு செல்கிறது. சாய்விருக்கை வண்டியில் பெடல்கள் உடலுக்கு முன்னால் இருப்பதால் சங்கிலியின் மொத்த நீளம் ஒரு சாதாரண மிதிவண்டியினுடையதைப் போல் மூன்று நான்கு மடங்காகும். அது இருக்கைகளுக்கு அடியில் இடறாமல் ஓட, இடையிடையே சிறு உருளைகளும் நெகிழிக் குழாய்களும் பொருத்தப்படுகின்றன. ஒவ்வோர் உருளையும் சிறிதளவு ஆற்றலைத் தின்கிறது.

இணைப்புச் சங்கிலி இருவர் கால்களையும் ஒரே தாளத்தில் கட்டிப்போடுகிறது. ஒருவர் மிதிக்காமல் நிறுத்தினால் மற்றவரும் நிறுத்தியாக வேண்டும். ஒருவர் நிமிடத்திற்கு 90 சுற்று மிதிக்க விரும்பி, மற்றவர் 65 சுற்றில் நிறைவு கொள்பவராயின், இருவருக்கும் பிடிக்காத ஒரு வேகத்தில் சமரசம் செய்துகொள்ள நேரும். இதனைத் தவிர்க்கச் சில வண்டிகளில் துணையோட்டியின் கிராங்க்கில் ஃபிரீவீல் பொருத்தப்படுகிறது. அப்போது துணையோட்டி விரும்பும்போது கால்களை நிறுத்தி ஓய்வெடுக்கலாம். ஆனால் மிதிக்கும்போது ஓட்டுநரின் தாளத்திற்கே மிதிக்கவேண்டும். பீனோ வண்டியில் இவ்வமைப்பு உள்ளது.

இரு கிராங்க்குகளும் ஒரே கோணத்தில் இருக்கவேண்டும் என்பதில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றை 90 பாகை விலக்கி வைத்தால், ஒருவர் கால் விசை குறையும் இடத்தில் மற்றவர் கால் விசை உச்சத்தில் இருக்கும். ஓட்டம் சீராகும், சங்கிலியின் மீதான உச்ச இழுவிசையும் குறையும். எனினும், ஒரே கோணத்தில் மிதிப்பதே துணையின் முயற்சியை உணரத் துணைசெய்கிறது என்று கூறி அதனையே விரும்புவோரும் உள்ளனர். இது பொறியியலைவிட விருப்பம் சார்ந்ததாகவே தோன்றுகிறது.

வேகமும் ஆற்றலும்

இருவர் சாய்விருக்கை வண்டி ஏன் சமதளத்தில் வேகமாகவும் மேட்டில் சாதாரணமாகவும் ஓடுகிறது என்பதைப் பள்ளி இயற்பியலைக் கொண்டே விளக்கலாம்.

மிதிவண்டியை எதிர்ப்பவை மூன்று: காற்றுத்தடை, டயர்களின் உருள்தடை, மேட்டில் புவியீர்ப்பு. காற்றுத்தடை விசை வேகத்தின் இருபடிக்கேற்ப வளர்கிறது; அதனை வெல்லத் தேவைப்படும் திறனோ முப்படிக்கேற்ப வளர்கிறது. ஒருவர் பின் ஒருவர் அமரும்போது, பின்னவர் முன்னவரின் காற்று நிழலில் இருக்கிறார். இருவரும் சாய்ந்தும் இருப்பதால் காற்றில் மோதும் முகப்பு மேலும் குறைகிறது. ஆகவே, இருவர் சேர்ந்து எதிர்கொள்ளும் காற்றுத்தடை, நிமிர்ந்து ஓட்டும் ஒருவர் எதிர்கொள்வதற்கு ஏறக்குறையச் சமமாகவே இருக்கக்கூடும்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். கணவர் 70 கிலோ, தொடர்ந்து 140 வாட் திறன் தருபவர். மனைவி 55 கிலோ, 90 வாட் தருபவர் என்க. தனித்தனியே 15 கிலோ எடையுள்ள சாதாரண மிதிவண்டிகளிலும், சேர்ந்து 30 கிலோ எடையுள்ள இருவர் வண்டியிலும் செல்கின்றனர். காற்றுத்தடைப் பரப்பைக் கணவருக்கும் இருவர் வண்டிக்கும் 0.5 சதுர மீட்டர், மனைவிக்கு 0.45 சதுர மீட்டர் எனவும், உருள்தடைக் குணகத்தை 0.006 எனவும் கொள்வோம். எதிர்க்காற்று இல்லாத சமதளத்தில் கணவர் தனியே மணிக்கு ஏறத்தாழ 25 கி.மீ., மனைவி 22 கி.மீ. வேகத்தில் செல்வர். சேர்ந்து மிதித்தால் 230 வாட் கிடைக்கிறது. வேகம் 29 கி.மீ. ஆகிறது. வலியவரையும் விஞ்சிய வேகம் இது.

அதே இருவர் 6 விழுக்காடு சரிவுள்ள மேட்டில் ஏறும்போது காற்றுத்தடை பொருட்டன்று. தூக்கவேண்டிய எடையே முக்கியம். கணவர் தனியே மணிக்கு 9 கி.மீ., மனைவி 7 கி.மீ., சேர்ந்து 8 கி.மீ. என வருகிறது. இருவர் வண்டி இங்கு இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. மாயம் எதுவும் இல்லை. சாய்ந்திருப்பவர் எழுந்து நின்று உடல் எடையால் பெடலை அழுத்தவும் முடியாது. நடைமுறையில் மேட்டில் இவ்வண்டி கணக்கில் வருவதைவிடச் சற்று மெதுவாகவே ஏறும். இரு சக்கர வகையில் வேகம் மிகவும் குறைந்தால் சமநிலை காப்பதே பெரும்பாடாகிவிடும்.

இறக்கம் வேறு கதை. 5 விழுக்காடு இறக்கத்தில் மிதிக்காமல் உருளவிட்டால், மேற்கண்ட கணக்கில் கணவர் தனியே மணிக்கு 40 கி.மீ. வேகத்தை எட்டுவார், இருவர் வண்டி 54 கி.மீ. வேகத்தை எட்டும். எடை இரு மடங்கு, காற்றுத்தடை ஒன்றே என்பதே காரணம். இதனால் பிரேக்குகளின் பொறுப்புக் கூடுகிறது. 155 கிலோ மொத்த எடை 300 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 456 கிலோ சூல். ஒன்றரை லிட்டர் நீரைச் சாதாரண வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். மெதுவாக இறங்கினால் இதில் பெரும்பகுதி வெப்பமாகிப் பிரேக்குகளில்தான் சேரும். சக்கர விளிம்பை அழுத்தும் சாதாரண பிரேக்குகளில் இவ்வெப்பம் டியூபை வெடிக்கச் செய்யலாம். மலைப்பகுதிகளில் ஓட்டுவோர் பெரிய வட்டத்தட்டு பிரேக்குகளையோ, தொடர்ந்து பிடித்திருக்கக்கூடிய டிரம் பிரேக்கையோ கூடுதலாகப் பொருத்துவது இதனால்தான்.

ஓட்டும் முறை

ஒருவர் வண்டியில் தேர்ந்தவராயினும், இருவர் வண்டியில் புறப்படுவதைப் புதிதாகக் கற்கவேண்டும். ஓட்டுநர் முதலில் அமர்ந்து, இரு கால்களையும் தரையில் ஊன்றி, பிரேக்கைப் பிடித்து வண்டியை நேராக நிறுத்துகிறார். துணையோட்டி அமர்ந்து கால்களைப் பெடல்களில் பொருத்திய பின்னரே அடுத்த செயல். வண்டி குறைந்த கியரில் இருக்கவேண்டும். ஒரு பெடல் மேலே, விசை கொடுக்க ஏற்ற கோணத்தில் இருக்கவேண்டும். ஓட்டுநர் குரல் கொடுக்க, இருவரும் ஒரே நேரத்தில் அழுத்துகின்றனர். முதல் இரண்டு மூன்று சுற்றுகளில் துணையோட்டியின் விசைதான் வண்டியை நிமிர்த்துகிறது. ஏனெனில் ஓட்டுநரின் ஒரு கால் அப்போதுதான் தரையை விட்டு எழுகிறது. துணையோட்டி இந்நேரத்தில் தயங்கினால் வண்டி சாயும். தொடக்கநிலையினரின் விழுதல்களில் பல இவ்விடத்திலேயே நிகழ்கின்றன. ஆளில்லாத மைதானத்தில் பழகிக்கொள்வது நல்லது.

நிறுத்துவதற்கு முன் குறைந்த கியருக்கு மாற்றுவதை மறந்தால், மறுபடி புறப்படுவது மிகக் கடினம். சாய்விருக்கையில் எழுந்து நின்று மிதிக்க முடியாது என்பதே இதற்கும் காரணம்.

ஓட்டும்போது துணையோட்டி திடீரெனத் திரும்பிப் பார்த்தாலோ, தண்ணீர்ப் புட்டியை எடுக்க ஒருபக்கம் சாய்ந்தாலோ வண்டி அப்பக்கம் இழுக்கும். எடுக்கும் முன் சொல்லிவிட்டு எடுப்பது வழக்கம். அதேபோல் ஓட்டுநரும் பள்ளம், வேகத்தடை, திருப்பம், கியர் மாற்றம், மிதித்தலை நிறுத்துதல் ஆகியவற்றை முன்கூட்டியே அறிவிக்கவேண்டும். பின்னால் இருப்பவருக்கு முன்னுள்ள பள்ளம் தெரியாது. நிமிர்ந்த வண்டியில் பள்ளம் வரும்போது இருக்கையிலிருந்து சற்றே எழுந்து அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளலாம். சாய்விருக்கையிலோ அதிர்ச்சி நேராக முதுகுக்கே வரும். அறிவிக்கப்படாத ஒரு பள்ளம் துணையோட்டிக்கு உடல் வலியை மட்டுமன்றி, அடுத்த பள்ளம் எங்கே என்ற ஓயாத பதற்றத்தையும் தந்துவிடுகிறது.

தம்பதியராக ஓட்டுதல்

இருவர் தனித்தனி வண்டிகளில் செல்லும்போது, வலியவர் மேட்டின் உச்சியில் காத்திருப்பதும், மற்றவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும் ஓய்வெடுத்து முடித்த வலியவர் உடனே புறப்படுவதும் பலரும் அறிந்த காட்சி. ஓய்வு தேவைப்படாதவருக்கு ஓய்வும், தேவைப்படுபவருக்கு ஓட்டமும் கிடைக்கிறது. சில மாதங்களில் ஒருவர் வீட்டிலேயே தங்கிவிடுகிறார். இருவர் வண்டியில் இச்சிக்கல் எழுவதில்லை. ஒவ்வொருவரும் தம்மால் இயன்றதைக் கொடுக்கலாம். வந்து சேரும் நேரம் ஒன்றே.

இதற்கு ஈடாகத் துணையோட்டி ஒன்றை இழக்கிறார். அவர் கையில் பிரேக் இல்லை, திருப்பும் பிடியும் இல்லை. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் இறங்கும் வண்டியில், வேகத்தைத் தீர்மானிக்கும் உரிமையின்றி அமர்ந்திருக்கிறார். ஆகவே, இருவர் வண்டியோட்டிகளிடையே எழுதப்படாத சில நெறிகள் உருவாகியுள்ளன. இறக்கத்தில் வேகம் எவ்வளவு என்பதைத் துணையோட்டியின் அச்சமே தீர்மானிக்கும். ஓட்டுநரின் துணிவு அன்று. துணையோட்டி நிறுத்தச் சொன்னால் காரணம் கேட்காமல் முதலில் நிறுத்தவேண்டும். பள்ளத்தில் இறக்கியதற்கு ஓட்டுநரே பொறுப்பு. இவற்றைப் பின்பற்றாதவரின் வண்டி விரைவில் பழைய பொருள் சந்தைக்கு வந்துவிடும் என்பது நடைமுறை.

கணவரே ஓட்டுநர், மனைவியே துணையோட்டி என்ற வழக்கம் நெடுங்காலம் இருந்தது. எடை கூடியவர் முன்னிருந்தால் வண்டியைக் கட்டுப்படுத்துவது எளிது என்பது இதற்குக் கூறப்படும் பொறியியல் காரணம். மெதுவான ஓட்டத்திலும் புறப்படும்போதும் இது ஓரளவு உண்மையே. ஆனால் மூன்று சக்கர வகைக்கு இக்காரணம் சற்றும் பொருந்தாது. பீனோ போன்ற வகையிலோ துணையோட்டியே முன்னிருக்கிறார். பயணத்தின் முதற்காட்சி அவருக்கே உரியது. சாய்விருக்கை வண்டிகள் இவ்வழக்கத்தைத் தளர்த்தியுள்ளன எனலாம்.

நிமிர்ந்த இருவர் வண்டியில் பின்னிருப்பவர் காண்பது பெரும்பாலும் முன்னிருப்பவரின் சட்டை முதுகுதான். சாய்விருக்கை வண்டியில் உடல் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் பார்வை இயல்பாக மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் செல்கிறது. கைகள் எடையைத் தாங்கவேண்டியதில்லை என்பதால் துணையோட்டிக்குக் கைகளும் ஓய்வாக உள்ளன. வழிப்படம் பார்ப்பது, ஒளிப்படம் எடுப்பது, ஓட்டுநருக்குத் தின்பண்டம் நீட்டுவது ஆகியன அவர் பொறுப்பில் வந்து சேர்கின்றன.

உடல்நலமும் குறைபாடுடையோர் பயன்பாடும்

சாதாரண மிதிவண்டியின் குறுகிய இருக்கையால் ஏற்படும் அழுத்தம், மணிக்கட்டு மரத்துப்போதல், கழுத்துவலி ஆகியன சாய்விருக்கையில் பெருமளவு இல்லை. நடுவயதில் பலர் இவ்வகைக்கு மாறுவது இதனால்தான். மாறாக, சில புதிய தொல்லைகள் உண்டு. கால்கள் உயரத்தில் இருப்பதால் நெடும்பயணத்தில் பாதங்கள் மரத்துப்போகலாம். முதுகைத் தாங்கும் இருக்கை இருப்பதால், காலால் உடல் எடையினும் மிகுந்த விசையைப் பெடலில் செலுத்த இயலும். உயர்ந்த கியரில் இவ்வாறு அழுத்தி மிதிப்பது முழங்காலுக்குக் கேடு. தாழ்ந்த கியரில் விரைவாக மிதிப்பதே பாதுகாப்பானது.

பார்வையற்றோர் மிதிவண்டி ஓட்ட இருவர் வண்டியே முதன்மையான வழி. பாராலிம்பிக் போட்டிகளிலும் பார்வைக் குறைபாடுடையோர் பிரிவில், பார்வையுள்ள ஒருவர் முன்னால் அமர்ந்து ஓட்ட, வீரர் பின்னால் அமர்ந்து மிதிக்கிறார். அங்குப் பயன்படுபவை நிமிர்ந்த வகையே. ஆனால் வாழ்நாள் நடுவில் பார்வையை இழந்த ஒருவர், தம் துணையோடு ஞாயிற்றுக்கிழமை வெளியே செல்ல, பேச்சுக் கேட்கும் தொலைவில் அமரும் சாய்விருக்கை வகை கூடுதல் வசதி தருகிறது. பக்கவாதத்தால் ஒருபக்கம் தளர்ந்தவருக்கு, விழாத மூன்று சக்கர வகையும், காலைப் பெடலோடு பிணைக்கும் அமைப்பும், நீளம் குறைந்த கிராங்க்கும் உதவுகின்றன. நேற்றுவரை தாம் ஓட்டிவந்தவர், இன்று துணையோட்டியின் இருக்கைக்கு மாறுகிறார், வண்டி மாறுவதில்லை.

இணைப்புச் சங்கிலி இருவர் கால்களையும் ஒரே தாளத்தில் கட்டுவது குறையாக மேலே கூறப்பட்டது. அக்குறையே பயனுள்ள ஓர் ஆய்வுக்கு வழிவகுத்தது. 2003இல் அமெரிக்க ஆய்வாளர் சே ஆல்பர்ட்சு, பார்க்கின்சன் நோயுற்ற தோழி ஒருவருடன் நிமிர்ந்த இருவர் வண்டியில் அயோவா மாநிலத்தைக் கடந்தார். ஆல்பர்ட்சின் வேகத்திற்கு அவர் கால்களும் சுழன்றாக வேண்டியிருந்தது. பயணத்தின்போது அவருடைய கையெழுத்து தெளிவடைந்திருப்பதைக் கண்டு ஆல்பர்ட்சு வியந்தார். கால்கள் மிதித்திருக்கக் கை திருந்துவானேன் என்பதே கேள்வி. 2009இல் வெளியான அவர் குழுவின் ஆய்வில், நோயாளிகள் 8 வாரங்கள் பயிற்சி செய்தனர். ஒரு பிரிவினர் தம் விருப்பப்படி மிதித்தனர். மற்றவர் ஆய்வகத்தில் நிலையாக நிறுத்திய இருவர் மிதிவண்டியில், பயிற்சியாளரின் துணையால் தம் இயல்பைவிட 30 விழுக்காடு கூடுதலான வேகத்தில் மிதித்தனர். இரு பிரிவினரின் உடல்திறனும் வளர்ந்தது. ஆனால் இயக்கக் குறைபாட்டு மதிப்பெண் 35 விழுக்காடு மேம்பட்டது இரண்டாம் பிரிவினருக்கே. ஆய்வில் பங்கேற்றோர் 10 பேர் மட்டுமே என்பதால் இதனை மருத்துவமாகக் கொள்வது பிழை. எனினும், நோயுற்ற துணையைப் பின்னிருக்கையில் அமர்த்தி மிதிக்கும் தம்பதியர், ஃபிரீவீல் வேண்டுமா வேண்டாவா என முடிவு செய்யும்போது இதனையும் கருதலாம். துணையோட்டி களைப்புற்றாலும் கால்கள் நில்லாத அமைப்பு, மருத்துவரின் ஒப்புதல் இன்றிக் கையாளத்தக்கது அன்று.

வாங்குதலும் பராமரிப்பும்

இவ்வண்டிகள் குறைந்த எண்ணிக்கையில், பெரும்பாலும் கையால் செய்யப்படுவதால் விலை மிகுதி. இரு நல்ல மிதிவண்டிகளின் விலையைக் கூட்டினாலும் பெரும்பாலும் எட்டாது. இதனால் பலர் பழைய வண்டிகளையே வாங்குகின்றனர். வாங்கும் முன் இருவரும் சேர்ந்து ஓட்டிப் பார்ப்பது இன்றியமையாதது. ஒருவருக்கு மட்டும் பிடித்த வண்டியால் பயன் இல்லை.

வைக்க இடம் வேண்டும் என்பது அடுத்த சிக்கல். மாடிப்படியில் ஏற்ற முடியாது, மின்தூக்கியில் நுழையாது, பல நாடுகளின் இரயில்கள் இதன் நீளத்தை ஏற்பதில்லை. சட்டத்தை நடுவில் கழற்றி இரண்டாக்கும் இணைப்புகள் கொண்ட வண்டிகள் இதற்கு ஓரளவு தீர்வு. தாழ்வாக ஓடுவதால் கார் ஓட்டுநர் கண்ணில் படாது என்ற அச்சத்தால், நீண்ட குச்சியில் கொடி கட்டுவது பரவலான வழக்கம். உண்மையில் பல இருவர் வண்டிகளில் ஓட்டுநரின் கண் ஒரு சாதாரணக் காரை ஓட்டுபவரின் கண்ணுக்கு ஏறக்குறையச் சமமான உயரத்தில் இருக்கும். லாரிகளின் அருகில் மட்டும் கொடி தேவை என்பதில் ஐயமில்லை.

அண்மைக் காலத்தில் மின்மோட்டார் துணையுள்ள இருவர் வண்டிகள் பெருகியுள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 வாட் வரையிலான மோட்டார், மணிக்கு 25 கி.மீ. வேகம் வரை மட்டுமே துணைசெய்யுமாயின், அது மிதிவண்டியாகவே கருதப்படும். மேலே கண்ட தம்பதியருக்கு, 6 விழுக்காடு மேட்டில் இம்மோட்டாரின் 250 வாட் சேர்ந்தால் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். மேட்டில் மெதுவாகச் சென்று சமநிலை இழக்கும் பழைய குறை இதனால் நீங்குகிறது.

நெடுந்தொலைவு ஓட்டங்கள்

பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியத்தின் பந்தயங்களில் சாய்விருக்கை வண்டிகளுக்கு இன்றும் இடமில்லை. ஆயினும், வெற்றி தோல்வி இன்றிக் குறித்த நேரத்திற்குள் முடிப்பதையே நோக்கமாகக் கொண்ட நெடுந்தொலைவு ஓட்டங்களில் இவை வரவேற்கப்படுகின்றன. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரான்சில் நடைபெறும் பாரிசு-பிரெசுட்டு-பாரிசு ஓட்டத்தில், ஏறத்தாழ 1200 கி.மீ. தொலைவை 90 மணி நேரத்திற்குள் கடக்கவேண்டும். இருவர் வண்டிகள், சாய்விருக்கை வண்டிகள், மூன்று சக்கர வண்டிகள் ஆகியவற்றுக்கு அங்குத் தனிப் பிரிவும் தனிப் புறப்பாட்டு நேரமும் உண்டு. கணவன் மனைவியர் ஒரே வண்டியில் பங்கேற்பது அங்கு வியப்பன்று. பிரிட்டானிப் பகுதியின் ஏற்ற இறக்கங்களில் மேட்டில் பின்தங்குவதும், இறக்கத்தில் முன்னால் சென்றவர்களை மீண்டும் பிடிப்பதுமாக அவர்களின் ஓட்டம் அமைகிறது.